ஊருக்கு ஒரு வரி

ஓர் ஊரின் வாழ்வையும் தாழ்வையும் ஒரே வரியில் எழுதிவிட முடியுமா? முடியும் என்றே இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை நெடுங்காலமாக எழுதி வருகிறது. கணக்கெடுப்பு முடிந்ததும் மாவட்டந்தோறும் ஒரு கையேடு வெளிவரும். அதில் கிராம விவர ஏடு என்றொரு பகுதி உண்டு. அங்கே ஊர் ஒன்றுக்கு ஒரு வரி. பரப்பு இத்தனை எக்டேர், வீடு இத்தனை, தலை இத்தனை. பள்ளி உண்டா, குடிநீர் உண்டா, அஞ்சலகம் உண்டா, பேருந்து வருமா, ஊருக்குள் நுழையும் பாதை எத்தகையது என்பவையெல்லாம் கட்டம் கட்டமாக அந்த வரிக்குள் அடங்கிவிடும். ஊரில் இல்லாத வசதிக்கு நேரே, அது எவ்வளவு தொலைவில் கிடைக்கும் என்பதை ஒரு குறியால் காட்டுவர். 2011-ஆம் ஆண்டு ஏட்டில் ‘ஏ’ என்றால் 5 கிலோமீட்டருக்குள். ‘பி’ என்றால் 5 முதல் 10 வரை. ‘சி’ என்றால் 10-க்கும் அப்பால். மக்கள் குடியிருக்கும் ஊர்கள் இந்திய நாட்டில் ஏறத்தாழ 6 இலட்சம். அத்தனைக்கும் இவ்வாறே வரி எழுதப்பட்டிருக்கிறது. பெரிய வருவாய்க் கிராமத்தோடு சேர்ந்த குக்கிராமங்களுக்கு அந்தப் பேறும் இல்லை. அவை தலைக்கிராமத்தின் வரிக்குள் ஒளிந்துகொள்ளும்.

இந்த ஏட்டின் தாள் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் கெடா மாநிலத்தில் ஒரு பெரியவரின் கைக்கு வந்தது. இரப்பர்த் தோட்டத்தில் பால் ஏற்றும் லாரியை முப்பதாண்டுகளுக்கு மேல் ஓட்டி ஓய்ந்தவர் அவர். 1948-இல் புதுக்கோட்டைச் சீமையில் ஒரு சிற்றூரில் பிறந்து, 1953-இல் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறியவர். பேரன் எங்கெங்கோ தேடி, அவர் பிறந்த ஊருக்குரிய வரியை அச்செடுத்துக் கொடுத்தான். பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியின்மேல் விரலை ஓட்டினார். பேருந்து என்னும் தலைப்பின்கீழ் ‘பி’ என்றிருந்தது. பேரன் அதன் பொருளைச் சொன்னான்.

“அப்படின்னா எங்க அக்கா நடந்த நாலு மைலு இதுதான்” என்றார் பெரியவர்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. நான்கு மைல் தொலைவும், இடையில் ஒரு காட்டாறும், மழைக்காலத்தில் முழங்கால் வரை புதையும் சேறும், ஒரு பெண்ணின் வாழ்நாளில் பெரும்பகுதியும் அந்த ஓர் எழுத்துக்குள் இருந்தன.

புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. காவிரிப் பாசனம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் தஞ்சையோடு நின்றுவிட, இந்தப் பக்கத்து ஊர்கள் கண்மாயையும் மழையையும் நம்பியே காலந்தள்ளின. மழை பொய்த்த ஆண்டுகளில் ஆண்கள் ஊரைவிட்டுக் கிளம்பினர். இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர் ஏராளம். 1929-இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை நகருக்கு இரயில் வந்தது. ஆனால் தண்டவாளத்திலிருந்து விலகிக் கிடந்த ஊர்களுக்கு இரயில் என்பது இரவில் காற்று திசை மாறும்போது கேட்கும் ஓர் ஓசையே.

பெரியவரின் தந்தையார் 1937-இல் மலாயாவுக்குச் சென்றவர். மறு ஆண்டே இந்திய அரசு தொழிலாளரை உதவிப் பயணத்தில் அனுப்புவதை நிறுத்திவிட்டது. போர் முடிந்தபின் ஊர் திரும்பி, ஓராண்டு தங்கி, மீண்டும் போனார். 1953 ஆகஸ்டில் மலாயாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வரப்போகிறது, அதன்பின் குடும்பத்தை அழைத்துக்கொள்வது அரிது என்ற செய்தி தோட்டங்களில் பரவியபோது அவர் அவசரமாக வந்து மனைவியையும் ஐந்து வயது மகனையும் கூட்டிச் சென்றார். மகளுக்கு அப்போது வயது பதினேழு. அவ்வாண்டு தையில்தான் உள்ளூரிலேயே அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே அவள் ஊரில் நின்றாள்.

அன்றைய பயணத்தில் பெரியவருக்கு நினைவில் எஞ்சியிருப்பது கப்பல் அன்று; கட்டை வண்டிதான். ஊரிலிருந்து பேருந்து ஓடும் சாலைக்கு அப்போது ஏழு மைல். நடுச்சாமத்தில் வண்டி கட்டி, அரிக்கேன் விளக்கை அச்சில் தொங்கவிட்டு, கல்லும் பள்ளமுமான தடத்தில் விடியும்வரை ஆடியாடிப் போனார்கள். காட்டாற்று மணலில் சக்கரம் இறங்கிக்கொண்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். வழியனுப்ப வந்த அக்காளும் தள்ளினாள். வண்டி கரையேறியது, அவள் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். அதன்பின் புதுக்கோட்டை, திருச்சி, நாகப்பட்டினம், ‘ரஜூலா’ கப்பலின் மேல்தளம், பினாங்கு. ஏழு மைலுக்கு ஓர் இரவு முழுவதும் ஆனது. வங்கக் கடலைக் கடக்க ஏறக்குறைய ஒரு வாரம். தொலைவையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் கடலைவிட அந்த வண்டித்தடமே கடப்பதற்கு அரியது எனலாம்.

இந்தியாவில் சாலைகளுக்குத் திட்டம் வகுக்கப்படாமல் இல்லை. 1943-இல் மாகாணங்களின் தலைமைப் பொறியாளர்கள் நாகபுரியில் கூடி இருபதாண்டுத் திட்டம் ஒன்றைத் தீட்டினர். வேளாண்மை சிறந்த வட்டாரத்தில் எந்த ஊரும் முக்கியச் சாலையிலிருந்து 5 மைலுக்கு மேல் விலகியிருத்தல் கூடாது என்பது அதன் குறிக்கோள்களுள் ஒன்று. ஐந்து மைல் என்பது வரைபடத்தில் விரலளவுகூட இராது. தலையில் நெல்மூட்டையும் இடுப்பில் பிள்ளையுமாக நடப்பவளுக்கு அது எவ்வளவு என்பதைப் பொறியாளர் நூல்கள் கூறுவதில்லை. வானம் பார்த்த பூமி ‘வேளாண்மை சிறந்த வட்டாரம்’ என்னும் வரையறைக்குள் வருமா என்பதும் வேறு கேள்வி.

முப்பதாண்டுகள் கழித்து, 1983-இல், பெரியவர் ‘சிதம்பரம்’ கப்பலில் சென்னைக்கு வந்து ஊருக்குப் போனார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. இடையில் தமிழகத்தில் பெரும் மாறுதல் நிகழ்ந்திருந்தது. 1972-இல் பேருந்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டு, பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்று மன்னர் பெயர்களோடு போக்குவரத்துக் கழகங்கள் தோன்றியிருந்தன. தனியார் முதலாளி இலாபம் தரும் வழியில் மட்டுமே வண்டி விடுவார்; அரசு வண்டியோ நட்டத்துக்கும் ஓடும் என்ற நம்பிக்கை மக்களிடம் வேரூன்றிய காலம் அது. புதிதாகப் போட்ட சாலை ஒன்றால் ஊருக்கும் பேருந்துக்கும் இருந்த ஏழு மைல் நான்காகக் குறைந்திருந்தது. அந்த ‘விலக்கு’ என்னும் நிறுத்தத்தில் இறங்கி, மைலோ டின்களும் கோடாரித் தைலப் புட்டிகளும் கைலிகளும் அடைத்த பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் நடந்தார்.

லாரி ஓட்டுநரின் கண் வேறு. நடந்தவாறே அவர் தடத்தை அளந்துகொண்டு போனார். இங்கே ஒரு மதகு போதும். அங்கே இரண்டு லாரி கப்பிக்கல் போதும். காட்டாற்றுக்குத் தரைப்பாலம் கட்டினால் ஆறு மாத வேலை. தோட்டத்தில் துரை நினைத்தால் மூன்று மாதத்தில் ரோடு போட்டுவிடுவார். பால் கெட்டுப்போகும் முன் ஆலைக்குச் சேரவேண்டுமே! மனிதர் பால்போல் உடனே கெட்டுப்போவதில்லை என்பதால் காத்திருக்க வைக்கலாம் போலும்.

அன்றைய கிராம விவர ஏடுகளில் பாதைக்கும் குறியெழுத்துகள் இருந்தன. ‘பி.ஆர்.’ என்றால் பாவிய சாலை, ‘கே.ஆர்.’ என்றால் மண்சாலை, ‘எப்.பி.’ என்றால் ஒற்றையடிப் பாதை. ஓர் ஊரின் முன்னேற்றம் என்பது எப்.பி.யிலிருந்து கே.ஆருக்கும், கே.ஆரிலிருந்து பி.ஆருக்கும் ஏறுவதுதான். அக்காளின் ஊர் முதற்படியிலேயே பல ஆண்டு உட்கார்ந்திருந்தது.

அக்காளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை எவனாவது அகப்பட்டால் சொல்லி எழுதச் சொல்வாள். ஆகையால் அவள் கடிதங்கள் எல்லாம் “இங்கு யாவரும் நலம், அங்கு நலமறிய அவா” என்று தொடங்கி, யார் யாருடைய எழுத்திலோ வந்துகொண்டிருந்தன. 1992-இல் வந்த ஒரு கடிதம் மட்டும் வேறுவிதம். முதல் வரியில், புளியங்கொட்டையை அடுக்கியது போன்ற பெரிய எழுத்துகளில், “தம்பிக்கு” என்றிருந்தது. அதை அவளே எழுதியிருந்தாள். மற்றவை வழக்கம்போல் வேறொருவர் கையெழுத்து.

அது புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வீசிப் பரவிய காலம். 1991-இல் தொடங்கிய அவ்வியக்கம் எழுத்தறிவோடு நிற்கவில்லை. மாவட்ட ஆட்சித்தலைவர் ஷீலாராணி சுங்கத் பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்பிப்பதையும் அதனோடு சேர்த்தார். மாலை நேரங்களில் கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் தெருவில் விழுந்தெழுந்து பழகினர். ஆண்கள் சிலர் கேலி பேசினர். 1992-இல் பெண்கள் நாளையொட்டி ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் மிதிவண்டியில் சென்றனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதனை எழுதி உலகறியச் செய்தார். பேருந்து வராத ஊரில் பெண்ணுக்கு மிதிவண்டி என்ன செய்யும் என்பதற்கு அவருடைய கட்டுரை ஒரு நற்சான்று. ஆணை எதிர்பாராமல் சந்தைக்குப் போகலாம், தண்ணீர் கொண்டுவரலாம், பேருந்துக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

அக்காளின் கடிதம் இதைத்தான் சொன்னது. மூத்த மருமகள் சைக்கிள் கற்றுக்கொண்டுவிட்டாளாம். மாமியாரைப் பின்னால் உட்கார வைத்துச் சந்தைக்கு அழைத்துப் போனாளாம். “நான் கண்ணை மூடிக்கிட்டே போனேன் தம்பி. தொறந்தா சந்தை வந்துருச்சு” என்று எழுதச் சொல்லியிருந்தாள்.

ஆயினும் மிதிவண்டி மூட்டையையும் நோயாளியையும் மழைக்காலத்தில் சுமக்காது. சாலை வேண்டும். சாலைக்கு ஒரு கணக்கு வந்தது.

2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இந்திய அரசு பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தைத் தொடங்கியது. எக்காலத்துக்கும் ஏற்ற சாலையால் இணைக்கப்படாத குடியிருப்புகளுக்கு அத்தகைய சாலை அமைத்துத் தருவது அதன் நோக்கம். உலகில் இதைப்போன்ற பெருந்திட்டங்கள் சிலவே. அதனால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது அறமாகாது. ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் போட முடியாதல்லவா? எனவே வரம்பு வகுத்தார்கள். சமவெளியில் 500 பேர். மலை மாநிலங்களிலும் பாலைநிலத்திலும் பழங்குடிப் பகுதிகளிலும் 250 பேர். அதற்கு மேற்பட்ட குடியிருப்புக்கே சாலை. தலைகளை எண்ண 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே ஆதாரம்.

அந்தக் கணக்கெடுப்பு 2001 பிப்ரவரி 9 முதல் 28 வரை நடந்தது. இந்தியாவில் வீடுவீடாகச் சென்று ஆளெண்ணும் பொறுப்பைப் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களே ஏற்கிறார்கள். அக்காள் வீட்டுக்கும் ஓர் ஆசிரியர் வந்தார். அப்போது அவளுக்கு அறுபத்தைந்து வயது. மூத்த மகன் ஊரில் இருந்தான். நடுவுள்ளவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு திருப்பூரில் பனியன் கம்பெனியில். இளையவன் சிங்கப்பூரில் கட்டட வேலையில். அவள் எல்லோர் பெயரையும் வரிசையாகச் சொன்னாள். ஆசிரியர் பாதியில் எழுதுகோலை நிறுத்தினார்.

“ஆத்தா, இந்த மூணு வாரத்துல அவங்க இங்க வந்து தங்குனாங்களா?”

“பொங்கலுக்கு வந்துட்டுப் போனாங்க.”

“அப்ப இங்க எழுத முடியாது ஆத்தா.”

“எம் புள்ளைகளை எங்கணக்குல எழுதாம வேற யாரு கணக்குல எழுதுவ?” என்று அவள் கேட்டாளாம்.

ஆசிரியர் செய்தது பிழையன்று. எண்ணும் நாட்கள் முழுவதும் வெளியே இருப்பவரை ஊர்க்கணக்கில் சேர்க்கலாகாது என்பது விதி. அவர் விதிப்படி நடந்தார். அக்காள் கேட்டதும் சாலைக்காக அன்று. அவ்வரம்பு பற்றி அப்போது அவ்வூரில் யாருக்கும் தெரியாது. வீட்டை விட்டுப் போன பிள்ளையும் வீட்டுப் பிள்ளையே என்பது ஒரு தாயின் கணக்கு, அவ்வளவே. சில ஆண்டுகள் கழித்து, ஊராட்சி அலுவலகத்திற்கு மனுவோடு போனவர்கள் ‘ஊரில் ஐந்நூறு பேர் இல்லை’ என்ற விடையோடு திரும்பினபோதுதான் அவளுக்கு அந்தப் பிப்ரவரி மாதம் நினைவுக்கு வந்தது. கடிதத்தில் அவள் எழுதச் சொன்னது இது: “ரோடு இல்லாததால போனவுங்க போனதால ரோடு இல்லையாம் தம்பி.”

திட்டக்குழு அறிஞர்கள் பல பக்கங்களில் எழுதுவதை அந்த மூதாட்டி ஒரு வாக்கியத்தில் எழுதிவிட்டாள். பாதையில்லாத ஊரில் வேலை இல்லை, வேலை தேடிப் போனவர் திரும்புவதில்லை, திரும்பாதவர் எண்ணப்படுவதில்லை, எண்ணிக்கை குறைந்த ஊருக்குப் பாதை இல்லை. செக்குமாடு போல இது சுற்றிச்சுற்றி வருகிறது. மலேசியத் தமிழர்க்கு இந்தச் சுற்று புதியதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது தோட்டத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்தனர். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. 150 மாணவருக்குக் குறைந்தால் அது ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்ற கட்டத்துக்குள் போய்விடும். குறைந்த பள்ளி என்று பெயர் விழுந்ததும் பெற்றோர் அடுத்த பள்ளியைத் தேடுவர். அடுத்த ஆண்டு இன்னும் குறையும். பதிவேட்டில் ஒவ்வொரு தலையையும் எண்ணி உறங்காத தலைமையாசிரியர் எவருக்கும் அக்காளின் வாக்கியம் விளக்கமின்றிப் புரியும்.

திட்டத்தின் விதிகளில் நெகிழ்வே இல்லை எனல் ஆகாது. ஐந்நூறு மீட்டர் சுற்றுக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணலாம் என்றும் இருந்தது. அவ்வூருக்குத் தெற்கே, அந்தத் தொலைவுக்கு உட்பட்டு, ஒரு காலனி உண்டு. ஊரும் காலனியும் சேர்ந்தால் ஐந்நூறு தேறும். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் காட்டி மனு எழுத ஊரில் சிலருக்குப் பல ஆண்டுகள் கை வரவில்லை. அக்காள் இதைக் கடிதத்தில் எழுதச் சொல்லவில்லை. பின்னாளில் அவளுடைய மூத்த மகன்தான் மாமனிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். சாலை வராமைக்குச் சர்க்காரை மட்டும் நொந்துகொள்வது எளிது.

2008-இல் தமிழகத்தில் 108 அவசர ஊர்தி வந்தது. அழைத்தால் வரும், சாலை இருந்தால் வாசலுக்கு வரும். ஓர் ஐப்பசி மழையில் அக்காள் மயங்கி விழுந்தாள். காட்டாற்றில் வெள்ளம். ஊர்தி விலக்கில் விளக்கைச் சுழலவிட்டு நிற்க, நான்கு பேர் கயிற்றுக் கட்டிலில் அவளைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நான்கு மைல் நடந்தனர். அந்நால்வரில் இருவர் காலனிக்காரர். அவள் பிழைத்து வந்தாள். “பல்லக்குல போயிட்டு வந்தேன், கல்யாணத்துக்குக்கூட நான் அப்படிப் போகல” என்று தொலைபேசியில் தம்பியிடம் சிரித்தாள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் இருந்தாள். வீட்டுத் திண்ணையிலேயே, யாருக்கும் தூக்கும் சிரமம் வைக்காமல், போய்ச்சேர்ந்தாள்.

ஊரும் காலனியும் ஒரே தாளில் கையெழுத்திட்ட மனு அந்த ஐப்பசிக்குப் பிறகுதான் போயிற்று. அவள் இறந்த மூன்றாம் ஆண்டு, வேறொரு நிதியிலிருந்து, தார்ச்சாலை வந்தது.

பெரியவர் 2025-இல் தம் எழுபத்தேழாம் வயதில் மறுபடியும் போனார். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம் நான்கு மணி நேரம். திருச்சியிலிருந்து வாடகைக்கார் ஊர்ப் புளியமரம் வரை. காட்டாற்றின்மேல் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தார். தாயும் தந்தையும் அக்காளும் வண்டி தள்ளிய இடம் எதுவெனத் தெரியவில்லை. மணலை யாரோ அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். சாலையின் ஓரம் கப்பி பெயர்ந்திருப்பதைக் காலால் தட்டிப் பார்த்தார். ஓட்டுநரின் பழக்கம் எளிதில் போகாது.

“வாங்க மாமா” என்று மூத்த மருமகன் எதிர்கொண்டான். அவனுக்கே அறுபத்தொன்பது வயது.

தெருவில் பாதி வீடுகள் பூட்டிக்கிடந்தன. சில வீடுகள் சிங்கப்பூர்ப் பணத்தில் மாடி வைத்துக் கட்டப்பட்டவை, அவற்றுக்கும் பூட்டுத்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்திய வருவாய்ப் பதிவுகளில் ஆளற்றுப்போன ஊரைக் குறிக்கப் ‘பேச்சிராக்’ என்றொரு பாரசீகச் சொல் உண்டு. விளக்கில்லாதது என்பது பொருள். வடக்கே உத்தரகண்ட் மலைப்பகுதியில் 2011-க்குப் பின் மட்டும் 734 ஊர்கள் ஆளின்றிப் போயின என அம்மாநில இடப்பெயர்வு ஆணையம் 2018-இல் அறிக்கை தந்தது. சாலையும் மருத்துவமனையும் பள்ளியும் வேலையும் எட்டாமையே மக்கள் இறங்கிப்போனதற்குக் காரணங்கள். புதுக்கோட்டைச் சிற்றூர் அந்நிலைக்கு இன்னும் வரவில்லை. விளக்குகள் எரிகின்றன, எண்ணிக்கைதான் குறைவு.

‘சாலை வந்தபின்தான் இன்னும் ஓடிப்போகிறார்கள்’ என்று திண்ணையில் சிலர் சொன்னார்கள். அது முழுதும் மெய்யன்று. சாம் ஆஷர், பால் நோவோசாட் என்னும் பொருளியல் ஆய்வாளர் இருவர், இந்தத் திட்டத்தின் மக்கள்தொகை வரம்புகளுக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் இருந்த ஊர்களை ஒப்பிட்டு 2020-இல் ஆய்வு வெளியிட்டனர். சாலை வந்ததால் விளைச்சலோ வருமானமோ சொத்தோ பெரிதாக உயர்ந்துவிடவில்லை. ஆனால் உழவுத்தொழிலை விட்டு வேறு வேலைக்குப் போவோர் பெருகினர் என்பது அவர்கள் கண்ட முடிவு. எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறொன்று எனச் சிலர் ஏமாற்றமடையலாம். ஊரில் உள்ளவர்க்கோ அது சிறு செய்தியன்று. மருமகனின் மகன் புதுக்கோட்டையில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். காலையில் மோட்டார் சைக்கிளில் போய் இரவு வீடு திரும்புகிறான். அவன் சித்தப்பன் திருப்பூருக்குக் குடிபோனவன், இவன் போகவில்லை. இவன் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நாளைக்கு இருமுறை வரும் நகரப் பேருந்தில், 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், காசின்றிப் போய்வருகிறாள். விடுதியில் விட்டுப் படிக்கவைக்க அந்த வீட்டில் வழியில்லை. பேருந்து இல்லாவிடில் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றிருப்பாள்.

அந்தப் பேருந்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஏறும் ஆள் குறைந்தால் ஒரு நடை நிற்கும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்த கணக்கெடுப்பு, பெருந்தொற்றால் 2021-இல் நடைபெறவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 குறிக்கப்பட்டுள்ளது. 2024-இல் ஒப்புதல் பெற்ற சாலைத் திட்டத்தின் நான்காம் கட்டத்திலும் சமவெளிக்கு அதே 500-தான் வரம்பு; எண்ணுவதற்கு எடுத்துக்கொண்டது 2011-இன் கணக்கு. சாலை கிடைத்த ஊர் பிழைத்தது. கிடைக்காத ஊர்கள் அந்தப் பழைய தலைகளை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கின்றன.

ஊரில் தங்கிய கடைசி நாள் மாலை பெரியவர் புளியமரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார். ஆறு மணி அளவில் பேருந்து வந்தது. முதலில் இரண்டு முதியவர் இறங்கினர். அப்புறம் தலையில் சும்மாடோடு ஒரு பெண். அப்புறம் கட்டட வேலைக்குப் போன நால்வர், சிமெண்டு படிந்த கால்களோடு. காலனியிலிருந்து மூன்று பள்ளிப் பிள்ளைகள். கடைசியாகப் புத்தகப் பையோடு கொள்ளுப்பேத்தி. ஓட்டுநர் மரத்தைச் சுற்றி வண்டியைத் திருப்பி நிறுத்தினார்.

“ஐயா, ஏறலையா? இதுதான் கடைசி வண்டி” என்றார் நடத்துநர்.

“இல்லப்பா. ஆளை எண்ண வந்தேன்” என்றார் பெரியவர்.

நடத்துநருக்கு விளங்கவில்லை. அவர் விசில் ஊதினார். வண்டி வெறுமையாகப் பாலத்தை நோக்கிப் போயிற்று.

“எத்தனை தாத்தா?” என்றாள் கொள்ளுப்பேத்தி.

“உன்னையும் சேத்துப் பதினொண்ணு” என்று சொல்லிக்கொண்டே அவர் அவள் தோளைப் பிடித்து எழுந்தார்.